கடலோரக் காட்டுப் பாதையில் மலை சைக்கிள் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மர நிழலில் வளைந்து வளைந்து ஏறி, சட்டென்று மரங்கள் விலகியதும் கீழே கடல் விரிந்து கிடக்கும் பாறை விளிம்பில் சிறிது தூரம் ஓடி, மறுபடியும் காட்டுக்குள் புகுந்துகொள்ளும் ஒற்றையடிப் பாதைகள் மலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வரம். சைக்கிளுக்கு அப்படியில்லை. உலர்ந்த மலைப்பாதையில் ஆண்டு முழுவதும் சத்தமில்லாமல் உழைக்கும் வண்டி, இங்கே ஒரு பருவம் முடிவதற்குள் முனக ஆரம்பித்துவிடும். உப்பு, மணல், காயாத ஈரம் ஆகிய மூன்றும்தான் காரணம். சக்கரம் கடல் நீரைத் தொடாவிட்டாலும் உப்பு வந்து சேரும். உடையும் அலைகள் நுண்ணிய துளிகளைக் காற்றில் எறிகின்றன. காற்று அவற்றைக் கரையேற்றி மரங்களுக்கிடையே கொண்டுவருகிறது. உலோகத்தின்மேல் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே பெய்யாத நாளிலும் செயினும் திருகுகளும் மெல்லிய உப்புநீர்ப் படலத்துக்குள் இருக்கின்றன.

எந்தக் கோளாறானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அது எதோடு சேர்ந்து வருகிறது? பெடல் ஒரு சுற்று சுற்றும்போது ஒருமுறை வருகிறதா, சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒருமுறை வருகிறதா, மேடு பள்ளத்தில் மட்டுமா, அல்லது பாதையின் குறிப்பிட்ட இடத்தில் மட்டுமா? இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருளவிடுங்கள். சத்தம் நின்றால் பெடல், பெடலைத் தாங்கும் கையான கிராங்க், செயின் பக்கம் போங்கள். நிற்காவிட்டால் சக்கரமும் பிரேக்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது காணாமல் போனால் சீட்டும் அதன் தண்டும். காதை நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள். உள்ளீடற்ற ஃபிரேம் குழாய்கள் சத்தத்தை எங்கெங்கோ கொண்டுபோகும். கிராங்கிலிருந்து வருவதாகச் சத்தியம் செய்யத் தோன்றும் ஒலி, சீட் கவ்வியிலிருந்து வந்திருக்கும்.

இன்னொன்று: கழுவி, துடைத்து, காயவைத்த பிறகே திருகைத் தொடுங்கள். மணல் அடைத்த வண்டியில் செய்யும் சரிக்கட்டல் மணலுக்குச் செய்த சரிக்கட்டல்; மணல் போனதும் அதுவும் போய்விடும்.

மிதிக்கும்போது கிரீச்சிடுகிறது

கடலோரத்தில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பெரும்பாலோர் நேராகக் கிராங்க் பேரிங்கைக் குற்றவாளியாக்கிப் புதியது வாங்கிவிடுகிறார்கள். அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய இடம், ஏனென்றால் கழற்றுவதற்கு அதிக உழைப்பும் தனிக் கருவியும் கேட்கும் இடம் அது. எளிதில் கழற்றக்கூடியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பெடல்கள். இரண்டையும் கழற்றுங்கள், இடது பெடலின் மரை எதிர்த்திசையில் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மரைகளில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது அலுமினியம் அரித்த தூள். எஃகு அச்சும் அலுமினியக் கிராங்கும் உப்புநீரில் நனைந்தபடி தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுக்கிடையே மின்வேதி அரிப்பு நடக்கும். இரண்டில் அலுமினியம்தான் கரையும். பழைய பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்குங்கள். பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் சீட் தண்டை வெளியே எடுத்து, தண்டையும் ஃபிரேமின் உட்புறத்தையும் துடையுங்கள். உலோகத் தண்டு உலோக ஃபிரேமுக்குள் போவதாக இருந்தால் கிரீஸ். இரண்டில் ஒன்று கார்பனாக இருந்தால் கிரீஸ் கூடாது. அதற்கென்று உள்ள பொடி கலந்த பசைதான் வழுக்காமல் பிடிக்கும். அடுத்து, முன் பல்சக்கரத்தின் போல்ட்டுகள், பின்சக்கர அச்சு, கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் டெரைலியரை ஃபிரேமோடு பிணைக்கும் ஹேங்கர். ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டி, ஒவ்வொரு முறையும் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் செய்தால் சத்தம் போய்விடும், உண்மைதான்; ஆனால் அடுத்த மாதம் அது திரும்பி வரும்போது எங்கே தேடுவது என்று தெரியாது.

பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இணைப்புப் பேரிங்குகளும் பட்டியலில் சேரும். சக்கரத்தைக் கழற்றி, அதிர்வுதாங்கியான ஷாக்கின் ஒரு முனையையும் விடுவித்து, பின்முக்கோணத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பற்றிப் பற்றி நகர்ந்தால் உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

இவை எல்லாம் முடிந்த பிறகும் முனகல் இருந்தால், செயினை முன் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டுக் கிராங்கைக் கையால் சுழற்றுங்கள். கரகரவென்று உணர்ந்தாலோ பக்கவாட்டில் ஆட்டம் இருந்தாலோ அப்போது பேரிங்கை மாற்றலாம்.

செயின் தாவுகிறது, நழுவுகிறது, அல்லது பெடல் வெறுமனே சுற்றுகிறது

இந்த மூன்றும் வேறு வேறு நோய்கள். எல்லாவற்றுக்கும் கேபிள் திருகைத் திருப்புவது பலருடைய பழக்கம். திருப்பத் திருப்ப நிலைமை மோசமாவதும் அதனால்தான்.

ஒரே சீரான இடைவெளியில், ஏறக்குறைய பெடலின் மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை தாவுகிறது என்றால் செயினின் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பின்னோக்கி மெதுவாக மிதித்துக்கொண்டே டெரைலியரின் சிறு சக்கரங்களைப் பாருங்கள். ஒரு கண்ணி மட்டும் நிமிராமல் மடங்கியபடியே கடந்து போகும். உப்புத் துருவின் வேலை. எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அந்தக் கண்ணியை இரு கைகளாலும் பக்கவாட்டில் மெல்ல வளைத்து வளைத்து விடுங்கள். பாதையிலேயே செய்துவிடலாம்.

குறிப்பிட்ட ஓரிரு கியர்களில், அதுவும் ஏற்றத்தில் பலமாக மிதிக்கும்போது மட்டும் தாவினால் தேய்மானம். செயினை அளந்து பாருங்கள்: புதுச் செயினில் 12 அங்குல நீளத்துக்கு, அதாவது 304.8 மி.மீ.க்குச் சரியாக ஊசிகள் விழும். 11, 12 கியர் வண்டிகளில் இது 0.5 விழுக்காடு நீண்டு 306.3 மி.மீ. ஆனதும் செயினை மாற்றிவிட வேண்டும். கியர் எண்ணிக்கை குறைந்த பழைய வண்டிகளில் 0.75 வரை தாங்கும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் சாணைக்கல் பசை. கடலோரத்தில் அந்த அளவை மலைப்பாதையைவிட வெகு சீக்கிரம் எட்டிவிடுவீர்கள். தள்ளிப்போட்டால் செயினோடு பின் பல்சக்கரத் தொகுதியையும் மாற்ற வேண்டி வரும். செயினைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது.

எல்லாக் கியர்களிலும் தயக்கம் இருக்கிறது, மேல் கியர்களுக்குச் சரிசெய்தால் கீழ் கியர்கள் கெடுகின்றன, கீழ் கியர்களுக்குச் சரிசெய்தால் மேல் கியர்கள் கெடுகின்றன என்றால் கேபிளை விட்டுவிடுங்கள். ஹேங்கர் வளைந்திருக்கிறது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே போதும். காட்டுப் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர்க்கட்டை ஒன்று தட்டினாலும் போதும். ஃபிரேமைக் காப்பாற்றுவதற்காகவே வளையும்படி செய்யப்பட்ட மென்மையான துண்டு அது. பின்னால் நின்று பாருங்கள்: டெரைலியரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரங்களுக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகாமல் மெதுவாக வீடு திரும்புங்கள். மீறிப் போனால் டெரைலியர் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்துவிடும்; பிறகு நடைதான். உங்கள் ஃபிரேமுக்குரிய ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருப்பது எடையே இல்லாத காப்பீடு. 2019 இல் வந்த யூடிஹெச் என்ற பொது வடிவம் இப்போது பல நிறுவனங்களின் ஃபிரேம்களில் இருப்பதால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் எளிதாகியிருக்கிறது.

கியர் மாற்றும் பொத்தான் கனமாகி, சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கும்போது தாமதம் ஏற்பட்டால் மட்டுமே கேபிளைப் பாருங்கள். உறைக்குள் உப்புநீர் போய்த் துருப்பிடித்திருக்கும். எண்ணெய் விட்டுச் சமாளிப்பது சில நாளுக்குத்தான். உள்கம்பியையும் உறையையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பெடல் எதிர்ப்பே இல்லாமல் முன்னோக்கி வெறுமனே சுற்றுகிறது, செயின் ஓடுகிறது, பல்சக்கரங்கள் சுழல்கின்றன, சக்கரம் மட்டும் அசையவில்லை என்றால் பின்சக்கர நடுவிலுள்ள ஹப்பில், மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே உருளவிடும் ஃப்ரீஹப்பின் கொக்கிப் பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே புகுந்த ஈரமும் மண்ணும் பழைய கிரீஸோடு சேர்ந்து பசையாகிவிட்டதால் சிறு சுருள்வில்களால் பற்களை வெளியே தள்ள முடிவதில்லை. சக்கரத்தைக் கழற்றி, ஹப்பை உள்ளங்கையால் சிலமுறை தட்டி, பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். சில வேளை பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையா? மிகப் பெரிய பல்சக்கரத்தை நான்கைந்து இடங்களில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் சக்கரக் கம்பிகளோடு கட்டிவிட்டால் சமதளத்தில் மெதுவாக மிதித்து வெளியே வந்துவிடலாம். அதன்பின் மிதிப்பதை நிறுத்த முடியாது, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். ஆகவே இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

பிரேக் அலறுகிறது

மூடுபனிக் காலையில் முதல் சில பிடிகளுக்கு டிஸ்க் அலறி, சூடானதும் அடங்கினால் அது கோளாறே இல்லை. ஈரம் காய்கிறது, அவ்வளவுதான்.

அலறலோடு பிடியும் குறைந்திருந்தால் எண்ணெய்ப் பசை பட்டிருக்கிறது. வழக்கமான குற்றவாளி, செயினுக்குத் தெளிப்பானில் எண்ணெய் அடித்தவர்தான். துருவுக்குப் பயந்து வண்டி முழுவதும் தெளிப்பது கடலோரத்தில் பரவலான வழக்கம், காற்று அதை அப்படியே டிஸ்க்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும். செயினுக்கு எப்போதும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பட்டுவிட்ட டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் மேற்பரப்பை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். ஆழமாக ஊறியிருந்தால் பேடு பிழைக்காது, மாற்றுங்கள். நெருப்பில் வாட்டினால் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. பிரேக் விஷயத்தில் அந்தச் சிக்கனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுப் பேடு போட்டதும் நேராக மலையிறங்கினால் அதுவும் அலறும். தட்டையான இடத்தில் மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிற்காமல் வேகத்தைக் குறைக்கும் பயிற்சியை இருபது முறையாவது செய்தால் பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படியும். மணலும் ஈரமும் கலந்த பாதைக்கு உலோகத்தூள் கலந்த பேடு உகந்தது. மென்மையான கரிமப் பேடு சத்தமில்லாமல் பிடிக்கும். ஆனால் நனைந்த மணலில் ஓட்டினால் ஒரே நாளில் கண்முன்னே கரையும்.

சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை உரசும் ஒலி கேட்டால் டிஸ்க் ஓரிடத்தில் வளைந்திருக்கிறது. தொடர்ந்து உரசினால் பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகர்ந்திருக்கிறது: அதன் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடியே மீண்டும் இறுக்குங்கள்.

பிரேக் நெம்புகோல் கைப்பிடி வரை வருகிறது

முதலில் பேடின் கனத்தைப் பாருங்கள். உராய்வுப் பொருள் 0.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் விசாரணையை முடித்துக்கொண்டு பேடை மாற்றுங்கள். கனம் போதுமானதாக இருந்து, நெம்புகோல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று. வண்டியைத் தலைகீழாக வைத்திருந்தாலோ படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தாலோ நேராக நிறுத்திப் பலமுறை அழுத்திப் பாருங்கள். நெம்புகோல் இறுகினால் வீடுவரை தாங்கும், ஆனால் காற்றை வெளியேற்றும் வேலை பாக்கி இருக்கிறது என்றே பொருள்.

நெடிய இறக்கத்தின் நடுவில் மட்டும் பிடி தொலைந்து, சற்று நின்ற பிறகு திரும்பி வந்தால் சூடு. டாட் வகைப் பிரேக் திரவம் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 5.1க்கு அதே எண்கள் 260, 180. ஈரக்காற்றில் வாழும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது ஆடம்பரம் ஆகாது. மினரல் எண்ணெய் பயன்படுத்தும் பிரேக்கில் டாட் திரவத்தையோ, டாட் பிரேக்கில் மினரல் எண்ணெயையோ ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் வளையங்கள் வீங்கிக் கெட்டுவிடும். நெம்புகோல் மூடியிலேயே எது என்று எழுதியிருக்கும்.

சூட்டுக்கு மருந்து ஓட்டும் முறையிலும் இருக்கிறது. இறக்கம் முழுவதும் லேசாகப் பிடித்துக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். விடும் இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். மலை சைக்கிளின் வரலாறே பிரேக் சூட்டில் தொடங்கியது என்று சொன்னால் அதிகம் மிகையில்லை: 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் பழைய கனமான சைக்கிள்களில் நடந்த இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்ததே, ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் ஹப் பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போய், அதை மீண்டும் அடைக்க வேண்டியிருந்ததால்தான்.

டயரில் காற்று நிற்கவில்லை

ட்யூப் உள்ள டயரானால் ஓட்டையின் வடிவமே கதை சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் காற்று குறைவு. பாறையும் ரிம்மும் ட்யூபைக் கடித்திருக்கின்றன. ஒற்றைத் துளை என்றால் முள். புது ட்யூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், மெதுவாக.

ட்யூப் இல்லாத டயரில், உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் உலர்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். தளும்பல் கேட்கவில்லை என்றால் முள் குத்தியதும் அடைக்க உள்ளே எதுவும் இல்லை. ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று குறைந்தால் சோப்பு நீரை வால்வின் அடியிலும் ரிம் விளிம்பிலும் கம்பிகள் ரிம்மில் நுழையும் இடங்களிலும் தடவுங்கள். கம்பி முனையில் குமிழி வந்தால் உள்ளே ஒட்டிய நாடா கிழிந்திருக்கிறது. வளைவில் சட்டென்று ‘புஸ்’ என்று காற்று வெளியேறினால், டயர் விளிம்பு ரிம்மைவிட்டு ஒரு கணம் விலகியிருக்கிறது: அழுத்தம் போதவில்லை, அல்லது விளிம்பில் மணல் சிக்கியிருக்கிறது.

முன்சக்கரம் சொல்லாமல் வழுக்குகிறது

இதற்கு வண்டியைக் குறை சொல்வதற்கு முன் எந்த இடத்தில் என்று பாருங்கள். நிழலில், வேர்களின்மேல் என்றால், அந்த வேர்கள் மூடுபனியில் நனைந்தவை. மரங்களுக்கடியில் பகல் ஏறும்வரை காய்வதில்லை. பட்டை உரிந்து வழவழப்பான ஈர வேரில் எந்த டயரும் பிடிக்காது. செங்குத்தாகக் கடக்க வேண்டும், கடக்கும் கணத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது, ஹேண்டில்பாரைத் திருப்பக் கூடாது, பலமாக மிதிக்கவும் கூடாது. வேகத்தை வேருக்கு முன்பே குறைத்துவிடுங்கள். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும் வேர்தான் மோசமானது. முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி அதன்மேல் வைக்காமல் தாண்டிவிடுங்கள், முடியாவிட்டால் இறங்குங்கள்.

எல்லா இடத்திலும் வழுக்கினால் காற்றழுத்தம். 29 அங்குலம், 2.4 அங்குல அகல டயரில் சுமார் 75 கிலோ எடையுள்ளவர் முன்னே 20 முதல் 22, பின்னே 23 முதல் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பெட்ரோல் நிலையத்து மானியின் துல்லியம் இதற்குப் போதாது. சிறிய டிஜிட்டல் மானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் பாதையில் நன்றாகவே தெரியும்.

மணல் திட்டில் முன்சக்கரம் புதைந்து திரும்பினால், திருத்த முயலாதீர்கள். திட்டுக்குள் நுழையும் முன்பே ஒரு கியர் இலகுவாக்கி, எடையைச் சற்றுப் பின்னே தள்ளி, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் கடந்து செல்லுங்கள். சேற்றில் உங்கள் டயர் ஆழமான கோடு போட்டுக்கொண்டே போகிறது என்றால் அது உங்கள் கோளாறு அல்ல, பாதையின் நிலை. அன்று திரும்பிவிடுவது பாதைக்கு நல்லது.

முன்பிரேக் பிடித்தால் ‘டக்’ என்று தட்டுகிறது

முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், மற்றொரு கையின் விரல்களை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஃபிரேமோடு சேரும் ஹெட்செட் இணைப்பில் வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் தளர்ந்திருக்கிறது. இங்கே வரிசை முக்கியம்: முதலில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், பிறகு மேல்மூடித் திருகை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்குங்கள், கடைசியில் ஸ்டெம் போல்ட்டுகளை அதில் அச்சிட்டிருக்கும் விசைக்கு இறுக்குங்கள், வழக்கமாக அது 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். பக்கவாட்டைத் தளர்த்தாமல் மேல்மூடியை முறுக்குவதால் பயன் எதுவும் இல்லை, திருகுதான் உடையும். ஹேண்டில்பார் நடுவில் வந்ததும் தானாக நின்றுகொள்வது போலத் தோன்றினால் கீழ்ப் பேரிங் துருப்பிடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. முன்சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் நேராகப் போவது அங்கேதான்.

ஃபோர்க் விறைத்துப் போயிருக்கிறது

உங்கள் எடைக்கு, சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் முன்பக்கம் 15 முதல் 20 விழுக்காடும் பின்பக்கம் 25 முதல் 30 விழுக்காடும் அமுங்குகிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். அளவு சரியாக இருந்தும் சிறு அதிர்வுகளை அப்படியே கைக்குக் கடத்தினால் உள்ளிருக்கும் மசகு எண்ணெய் வற்றியிருக்கிறது. கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றும் பராமரிப்பைச் சில நிறுவனங்கள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்கின்றன, சில 125 மணி நேரம் என்கின்றன. மணற்பாங்கான இடத்தில் ஓட்டுபவர் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளட்டும்.

சீட் தண்டு மேலே வர மறுக்கிறது

ஓட்டும்போதே உயர்த்தித் தாழ்த்தக்கூடிய டிராப்பர் தண்டு சோம்பலாக ஏறினால் முதலில் சீட் கவ்வியைச் சற்றுத் தளர்த்துங்கள். அதிகம் இறுக்கினாலே உள்குழாய் பிடித்துக்கொள்ளும். அடுத்து கேபிள், அதற்கடுத்து தூசித் தடுப்பு வளையத்தடியில் உள்ள மணல். சாதாரணத் தண்டு ஃபிரேமுக்குள் அசையாமல் ஒட்டிக்கொண்டால் அரிப்பு அதைப் பற்றவைத்துவிட்டது என்று பொருள். பலத்தால் முறுக்காமல் ஊடுருவும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிடுங்கள். கார்பன் ஃபிரேமானால் பணிமனைக்குக் கொண்டுபோய்விடுவது உத்தமம்.

பாறை விளிம்பில் வண்டி தானாக ஓரத்துக்கு இழுக்கிறது

வண்டி இழுப்பதில்லை. பார்வைதான் இழுக்கிறது. சைக்கிள் கண் போகும் திசையில் போகும். கடலைப் பார்த்தால் கடலை நோக்கிப் போகும். காட்சி வேண்டுமென்றால் நின்று, காலை ஊன்றி, ஆசை தீரப் பாருங்கள். ஓடும்போது கண் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னேயுள்ள பாதையில் இருக்கட்டும்.

காற்றும் காரணமாகலாம். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். விளிம்பில் மரத்தடுப்பு முடியும் இடத்தில் அது திடீரென்று பக்கவாட்டில் அறையும். சீட்டைத் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, நிலப்பக்கமாக ஒட்டி ஓட்டுங்கள். இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு: காலையில் போனால் வேர்கள் ஈரம், பிற்பகலில் போனால் காற்று. நான் காலையைத்தான் தேர்ந்தெடுப்பேன். வழுக்கும் வேரில் இறங்கித் தள்ளலாம். விளிம்பில் அடிக்கும் காற்று இறங்கி நடப்பவரையும் தள்ளும்.

காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கணம் எதுவும் தெரியவில்லை

கடல் வெளிச்சத்துக்குச் சுருங்கிய கண்மணி நிழலுக்குப் பழக நேரம் எடுக்கும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நீங்கள் நொடிக்கு ஏழு மீட்டர் போகிறீர்கள். இரண்டு நொடிக் குருட்டுத்தனம் என்பது 14 மீட்டர் பாதை. தானாக நிறம் மாறும் கண்ணாடி இவ்வளவு விரைவாக மாறாது. அடர்கறுப்பைத் தவிர்த்து, லேசான நிறமுள்ள கண்ணாடியை அணியுங்கள். நிழல் தொடங்குவதற்குச் சற்று முன்பே வேகத்தைக் குறையுங்கள். அங்கே எதிரே ஏறிவருபவர் இருக்கக்கூடும், வழிவிட வேண்டியவர் இறங்குபவர்தான். கண்ணாடியில் ஆவி படிந்தால் நிற்கும் நேரங்களில் மூக்கிலிருந்து சற்று முன்னே தள்ளி வைத்தால் போதும்.

மறுநாள் காலை செயின் செம்மண் நிறத்தில் இருக்கிறது

நேற்று துடைக்காமல் வைத்த செயின் இது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே ஓட்டி முடித்ததும் எண்ணெய் விடுவது முதல் வேலையல்ல. நல்ல தண்ணீர்தான் முதல் வேலை. வாளியும் துணியும் போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், அது உப்புநீரைப் பேரிங்குகளுக்குள் தள்ளிவிடும். ஃபிரேமின் அடிப்புறம், ஃபோர்க் கால்களின் பின்புறம், போல்ட் தலைகளின் குழிகள், சக்கரக் கம்பிகள் ரிம்மைத் தொடும் இடங்கள் ஆகியவற்றில் தண்ணீர் மென்மையாக ஓடட்டும். பிறகு வண்டியை இரண்டு மூன்று முறை தரையில் குதிக்கவிட்டு, துணியால் துடைத்து, செயினைப் பின்னோக்கிச் சுழற்றித் துணிக்குள் ஓடவிட்டு உலர்த்துங்கள். முழுவதும் உலர்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், சில நிமிடம் கழித்து வெளியே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். வெளிப்புறத்தில் ஈரமாக நிற்கும் எண்ணெய் அடுத்த நாள் மணலுக்கு விருந்து. மெழுகு பூசிய செயினில் மணல் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் ஈரத்தில் மெழுகு சீக்கிரம் கழன்று துரு முந்திக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை மெழுகிடப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

ஏற்கெனவே சிவந்துவிட்ட செயினை எண்ணெய் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் வெளித்தகடுகளோடு போய்விட்டால் செயின் பிழைத்தது. கண்ணிகள் மடங்க மறுத்தாலோ, உருளைகளுக்கிடையிலிருந்து சிவப்புப் பொடி தொடர்ந்து கொட்டினாலோ புதுச் செயின் போட வேண்டியதுதான். ஃபோர்க்கின் பளபளப்பான உள்குழாயில் புள்ளி தெரிந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்காத கறை துணியோடு போய்விடும். நகம் தடுக்கினால் அந்தப் பள்ளம் ஒவ்வோர் அமுங்கலிலும் ரப்பர் வளையத்தை அறுத்துக்கொண்டிருக்கும். அடுத்த ஓட்டத்துக்கு முன் பணிமனையில் காட்டிவிடுங்கள்.